சர்க்கரை நோட்டில் ஒரு நல்ல பொய்

ஓசூரில் பதினேழு வருடமாகக் குடியிருக்கிறேன். தான் ஓசூர்க்காரர் என்று தானாக முன்வந்து ஒப்புக்கொண்ட ஒருவரை இன்றுவரை சந்தித்ததில்லை. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவில் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் முதல் கேள்வி "எந்த ஷிஃப்ட்டு?", இரண்டாவது "எந்த ஊரு?" மாடிவீட்டுப் பெண் திண்டுக்கல். எதிர்வீடு அறந்தாங்கி. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டிக் கன்னடத்தில் முடிக்கிற பிள்ளைகள்கூடக் கேட்டால் "நாங்க அரியலூரு" என்கிறார்கள். அரியலூருக்கு அவர்கள் போனது மொட்டையடிக்க ஒரு தடவை. தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஷமீம் அக்காவாவது உள்ளூராக இருப்பார் என்று வந்த புதிதில் நம்பிக்கையோடு கேட்டேன். "நாங்களும் வெளியூருதாம்மா," என்றார் பெருமூச்சோடு. "பேரிகை." பேரிகைக்குக் காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

நானும் சளைத்தவள் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதினேழு வருடமாக "விளாத்திகுளம்" என்றே சொல்லிவந்திருக்கிறேன். வெளிநாடு போனவர்கள் எழுதும் கட்டுரைகளில் பனி கொட்டும். என்னுடையதில் அதிகபட்சம் மார்கழி மாதத்து ஓசூர்க் குளிர்தான். நான் விமானம் ஏறியதில்லை. சேலத்தில் பஸ் மாறியதோடு சரி. இருந்தாலும் ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப்போல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்ட மற்றவர்களுக்கும் புலம்பெயர்ந்தவள் என்ற முறையில் இரண்டு வார்த்தை சொல்லும் தகுதி எனக்கும் உண்டு என்றே நினைக்கிறேன். எங்கள் ஆலையில் எந்திரம் ஓட்டும் நாகராஜ், கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து தினமும் வந்துபோகிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தினமும் காலை பத்தரைக்கு "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்று கேட்டார். கன்னடத்தில், சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். நம் ஊரில் ஒருவர் இப்படிக் கேட்டால் பதில் சொல்வது கடமையல்லவா? "மூணு இட்லி, தக்காளிச் சட்னி, சட்னியில உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று முழு அறிக்கை கொடுத்தேன். வாரக் கடைசியில் அவர் பக்கத்து எந்திரக்காரரிடம், இந்த மேடத்துக்கு வீட்டில் பேச ஆளில்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அதோடு நானும் "ஆய்த்து" என்று ஒற்றைச் சொல்லுக்கு வந்துவிட்டேன். சாப்பிடாத நாளிலும் ஆய்த்து. அது வணக்கம் மாதிரி. அதில் சோறு கிடையாது.

ஆலையில் என் வேலை தரம் பார்ப்பது. வண்டியின் பிரேக்குக்குள் போகும் ஒரு சின்ன உருளையின் துளை, மயிரிழையில் ஒரு பங்கு பெரிதானாலும் "ஆகாது" என்று சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டுப் பகையைச் சம்பாதிக்கிற உத்தியோகம். எந்திரம் ஓட்டுகிறவர்கள் மணிக்கொரு உருளையை எடுத்து அளந்து ரீடிங் ஷீட்டில் எழுத வேண்டும். மனிதர்கள்தானே, அளக்காமலே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே மூச்சில் எழுதிவிடுவதும் உண்டு. அதைப் பிடிப்பதில் நான் பெயர் வாங்கியவள். உண்மையான அளவு அழுக்காக இருக்கும்: ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டு வரும். கற்பனை அளவோ குளித்துப் பவுடர் போட்டுக்கொண்டு நட்டநடுவில் வரிசையாக நிற்கும். மூன்று வருடத்துக்கு முன் நாகராஜின் ஷீட்டை ஒரே பார்வையில் பிடித்து, அவருக்கு மெமோ வாங்கிக் கொடுத்து, கூடவே இலவசமாக ஒரு அறிவுரையும் சொன்னேன். "பொய் எழுதறதுன்னா கொஞ்சம் அழுக்கா எழுதக் கத்துக்கங்க." அவர் கற்றுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து நேர்மையாக அளந்துகொண்டிருக்கிறார். அறிவுரையைப் பின்பற்ற வேறொருத்தி இருந்தாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். பிள்ளை இல்லை. கேட்கிறவர்களும் சலித்து நிறுத்தி, நாங்களும் வேண்டுதல்களை ஒவ்வொன்றாக வாபஸ் வாங்கிக்கொண்டிருந்த சமயத்தில், நாற்பத்தொரு வயதில் நாள் தள்ளிப்போனது. மாதவிலக்கு நிற்கிற பருவத்தின் அறிகுறி என்று இரண்டு புத்தகங்களைப் பார்த்து நானே முடிவுகட்டினேன். நிறையப் படித்தவள் என்பதால் எந்தத் தப்பையும் ஆதாரத்தோடுதான் செய்வேன். கர்ப்பம் என்று தெரிந்தபின், ஐந்தாம் மாதம் சர்க்கரையும் வந்து சேர்ந்தது. மூன்று வேளை ஊசி. காலையில் வெறும் வயிற்றிலும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இரண்டு மணி நேரம் கழித்தும் விரலைக் குத்தி, சின்ன மிஷினில் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். அதாவது எனக்கு நானே எந்திரம், நானே ரீடிங் ஷீட்.

சர்க்கரைகூடப் பெரிதாகப் படவில்லை. மறக்க ஆரம்பித்தேன், அதுதான் பயமாக இருந்தது. குத்திப் பார்க்கும் மிஷினை ஃபிரிட்ஜில் முட்டை வைக்கிற குழியில் வைத்துவிட்டு அரைநாள் தேடினேன். ஒரு வரியைப் படித்து முடிக்கும்போது அதன் ஆரம்பம் கையை விட்டுப் போயிருக்கும். ஷமீம் அக்கா கடையில் போய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றேன்.

"துவரம்பருப்பாம்மா?"

"இல்லக்கா."

"சோப்பு?"

"தெரியலக்கா."

"சரி, குந்து. வர்றப்ப வரட்டும்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். "என் மருமவளும் இப்பிடித்தான். மாசமா இருக்கையில அடுத்தவங்க செருப்பைப் போட்டுக்கினு வந்துட்டா."

அம்மா போனில், "வயித்துல பிள்ளை தங்குனா பாதிப் புத்தி அங்க போயிரும் கோமு. நீ இருக்கையில நான் அடுப்புல பாலை வச்சிட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன்," என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். என் கணவர் இன்னும் ஒருபடி மேலே போய், "எனக்கு வயித்துல ஒண்ணுமில்லாமலே மறக்குதே," என்றார். எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எப்போதிலிருந்து என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊரில் ஞாபகம் தனிச்சொத்து இல்லை. நீங்கள் மறந்தால் பக்கத்துவீடு நினைவு வைத்திருக்கும். நீங்கள் மறக்கவேண்டும் என்று விரும்புவதைக் கூடுதல் அக்கறையோடு நினைவு வைத்திருக்கும். இங்கே கதவைச் சாத்திக்கொண்டால் என் மண்டைக்கு நான்தான் காவல். அந்தக் காவலாளி தூங்க ஆரம்பித்திருந்தான். கண்ணும் கணக்கும் என் பிழைப்பு. அது போனாலும் போகட்டும். பதினான்கு வருடம் கழித்து வந்த ஒன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு, இன்று காலை ஊசி போட்டோமா இல்லையா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதை யாரிடம் சொல்வது?

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எழுதினேன். வேலைநாட்களில் நான் தவறாமல் மறந்தது காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பரிசோதனையை. ஏழரைக்கு வீட்டில் ஊசியும் இட்லியும் முடிந்துவிடும். ஒன்பதரைக்கு நான் ஆலையில் அன்றைய ஆகாத உருளைகளைப் பற்றிய கூட்டத்தில் இருப்பேன். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறந்தால், இரண்டு வாரத்துக்கும் அந்தக் கட்டங்கள் வெறிச்சென்று கிடந்தன. "மறந்துவிட்டேன்" என்று எழுதியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைப் பத்துத் தடவை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அதனால் 112 என்று எழுதினேன். பிறகு 118, 109. நூற்றிருபதுக்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன எல்லை. எல்லாமே எல்லைக்குள் இருந்தால் யார் நம்புவார்கள்? தொழில் தெரிந்தவள் ஆயிற்றே. ஒரு 126 போட்டேன். ஒரு 129. யோசித்து ஒரு 131. அதில் எனக்கு ரொம்பத் திருப்தி. 131 என்பது யாரும் கற்பனை செய்யாத எண். மூன்று பேனா மாற்றினேன். ஒரு பக்கத்தில் சட்னிக் கறையும் விழுந்தது. அது தற்செயல் என்றே இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டரம்மா சித்தூர்ப் பக்கத்துக்காரர். தெலுங்கு ராகத்தில் நல்ல தமிழ் பேசுவார். நோட்டைப் புரட்டிக்கொண்டே, "எவ்வளவு நீட்டா எழுதறீங்கம்மா! எல்லாரும் இப்படி இருந்தா எனக்கு வேலையே இல்லை," என்றார். பிறகு விரலை ஒரு வரிசையில் ஓட்டினார். "காலை டிஃபனுக்கு அப்புறம்தான் அப்பப்போ ஏறுது. காலை ஊசியில மட்டும் நாலு யூனிட் கூட்டிக்கலாம்." அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதை இல்லை என்று இருந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அந்த நாலு யூனிட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம் என்பது என் திட்டம். நல்ல திட்டம்தான். மறந்துவிட்டேன். என் கணவர் புதிய அளவைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார். நானும் தினமும் அதைப் பார்த்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். நான் சொன்ன பொய்யை நம்பியவர்கள் மொத்தம் மூன்று பேர். மூன்றாவது நான்.

வியாழக்கிழமை காலை. நடுவில் சாப்பிட வைத்திருந்த சுண்டல் பையிலேயே இருந்தது. நாகராஜின் எந்திரத்தருகே நின்று, உருளையின் துளையைச் சோதிக்கும் கேஜை எடுத்தேன். இரண்டு முனை உள்ள எஃகுத் துண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. பதினேழு வருடமாக என் கையிலேயே வளர்ந்த பொருள். எந்த முனை போக வேண்டும் என்று தெரியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது. எந்திரச் சத்தமெல்லாம் பக்கத்துத் தெருக் கல்யாணம் மாதிரி தூரத்தில் கேட்டது. நாகராஜ் வழக்கம்போல "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்றாராம். இனி நடந்ததெல்லாம் அவர் வாக்குமூலம்.

நான் அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஏ தம்பி, வெளாத்திகொளம் பஸ்ஸு போயிட்டா?" என்று கேட்டிருக்கிறேன்.

அவர் சிரித்திருக்கிறார். "இன்னா மேடம், காத்தாலயே காமெடி?"

"எங்கம்மா தேடுவாக," என்று சொல்லிவிட்டு, கேஜை மஞ்சப்பை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, ஆட்கள் நடப்பதற்காகத் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குள் போய் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

"அப்பக்கூட வெளையாட்டுன்னுதான் நெனச்சன்," என்று நாகராஜ் பின்னால் எல்லோரிடமும் சொன்னார். "ஆனா பதினேழு வருசமா ஆய்த்துன்னு சொல்ற மேடம் அன்னிக்கு ஆய்த்துன்னு சொல்லல. அங்கதான் டவுட்டு வந்துச்சு." எந்திரத்தை நிறுத்திவிட்டுக் கத்தியிருக்கிறார். முதலுதவி அறை நர்ஸ் விரலைக் குத்தினால் 52. குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். பதினைந்து நிமிடத்தில் 84. உலகம் திரும்பிவந்தபோது என் முன்னால் ஐந்து நீலச் சட்டைகள் நின்றன. ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே போனேன். அசைவு இல்லை. அந்த இருபது நிமிடம் பற்றி நகைச்சுவையாக எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்கேன் அறையில் கருவியை வைத்ததும் எங்கள் ஆலைப் பழைய பிரஸ் எந்திரம் மாதிரி தடதடவென்று இதயம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக அந்த எந்திரத்தை இனி ஒருபோதும் குறை சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஒருநாள் படுத்திருக்கச் சொன்னார்கள். படுத்திருந்தபோது ராமலட்சுமி சித்தி ஞாபகம் வந்தது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அம்மாவின் தங்கை கர்ப்பமாக இருந்தாள். அவளுக்கும் சர்க்கரை, தூத்துக்குடி பெரியாஸ்பத்திரியில் சொல்லி, தினமும் காலையில் கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். சித்திக்கு அந்த மாதங்களில் சாமி வந்தது. உடம்பு நடுங்கி, தலைமுடி நனைகிற அளவுக்கு வியர்த்து, யாரையும் அடையாளம் தெரியாமல் ஏதேதோ பேசுவாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வரும். வெள்ளிக்கிழமை பார்த்து வருவதால் நல்ல தெய்வம் என்று ஊர் முடிவு செய்தது. திருநீறு பூசி, என்ன வேண்டும் என்று கேட்பார்கள். வெல்லம் கரைத்த பானக்கம் கொடுத்தால் கால்மணி நேரத்தில் மலையேறிவிடும். பானக்கப் பிரியமான சாமி. பிள்ளை பிறந்ததும் சாமி வருவது நின்றது. பிள்ளைக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். அந்தப் பிள்ளை இப்போது தூத்துக்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். தெய்வாம்சம் எதுவும் வெளியே தெரியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முப்பத்து மூன்று வருடம் தாமதமாக எனக்கு விளங்கியது: சித்தி வெள்ளிக்கிழமை விரதம். சோறு கிடையாது; ஊசி உண்டு.

ஊரில் என்றால் எனக்கும் தேங்காய் உடைத்திருப்பார்கள். இங்கே படிவம் வந்தது. சாயங்காலம் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி ஆரஞ்சுப் பழங்களோடு வந்து (அவற்றை எண்ணிவிட்டு நர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார்) "நூலிழையில் தவறிய விபத்து" அறிக்கையை நீட்டினார். எங்கள் ஆலையில் எது நடந்தாலும் ஐந்து தடவை "ஏன்" கேட்டு எழுத வேண்டும். ஏன் தடுமாறினார்? சர்க்கரை இறங்கியது. ஏன் இறங்கியது? ஊசியின் அளவு கூடியது, நடுவில் சாப்பிடவில்லை. ஏன் அளவைக் கூட்டினார்கள்? நோட்டில் அளவுகள் ஏறியிருந்தன. "நாலாவது ஏனுக்கு என்ன மேடம் போடறது? உடல்வாகுன்னு போட்டுடலாமா?" என்றார் நல்ல மனிதர். சித்திக்குச் சாமி; எனக்கு உடல்வாகு. நாலாவது ஏனுக்குப் பதில் தெரிந்தவள் இந்தியாவிலேயே நான் ஒருத்திதான். "நாளைக்கு எழுதிக்கலாம் சார்," என்றேன்.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்தார். கையில் என் நோட்டு.

"இந்த நம்பரெல்லாம் நான் எழுதினது டாக்டர்," என்றேன்.

"நீங்கதானேம்மா எழுதணும்?"

"அப்படியில்ல. நானா எழுதினது."

"ஆமா, நீட்டா எழுதியிருக்கீங்க. அன்னைக்கே சொன்னேனே."

வாழ்க்கையில் ஒருதடவை உண்மை சொல்ல வந்தால் அதற்கும் பாராட்டுத்தான் கிடைக்கிறது. "டாக்டர், குத்திப் பார்க்கவே இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் உள்ளதெல்லாம் கற்பனை."

அவர் நோட்டைப் பார்த்தார். "இந்த நூத்தி முப்பத்தொண்ணு?"

"அதுதான் நல்லா வந்தது."

என் மிஷினை எடுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். நான் குத்திய ஒவ்வொரு நாளும், தேதி, நேரத்தோடு, அதில் வரிசையாக வந்தது. வேலைநாளில் காலை ஒன்பதரை என்று ஒன்றுகூட இல்லை. "இதுக்கு ஞாபகம் இருக்கு பாருங்க," என்றார். "நான் பார்த்திருக்கணும். நீங்க எழுதின அழகுல பார்க்கலை." பதினேழு வருடம் கருவிகளோடு குடித்தனம் நடத்தியவள், அந்தப் பொத்தான் எதற்கென்று ஒருநாளும் கேட்டதில்லை. "ஏம்மா எழுதினீங்க?"

"மறந்துட்டேன். மறந்துட்டேன்னு எழுத வெட்கமா இருந்துச்சு."

"எப்பலேர்ந்து மறக்குது?"

இரண்டு மாதமாக நான் காத்திருந்த கேள்வி. அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, ஃபிரிட்ஜில் முட்டைக்குழியில் கிடந்த மிஷினிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். "நேத்து நடந்தது சுகர் இறங்கினது, அது தெளிவு. மத்த மறதி எதனாலன்னு இப்பவே சொல்ல மாட்டேன். சுகர் ஏறி இறங்கினாலும் கவனம் போகும். தூக்கம் இல்லைன்னாலும் போகும். ரத்தம் கம்மியா இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், பயமே இருக்கலாம். எல்லாத்தையும் கர்ப்ப மறதின்னு ஒரே கணக்குல எழுதக் கூடாது." ரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தார். ஊசியின் அளவைப் பழையபடி குறைத்தார். "இனிமே மறந்தா, மறந்தேன்னே எழுதுங்க. அது எனக்கு ரீடிங் மாதிரிதான்." பாதுகாப்பு அதிகாரிக்கு அன்றே போன் செய்து நாலாவது ஏனுக்குப் பதில் சொன்னேன். "அப்ப அஞ்சாவது ஏன்?" என்றார் மனம் தளராமல்.

ரத்தம் குறைவாகத்தான் இருந்தது, அதற்கு மாத்திரை. தலை இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறது. எதனால் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நோட்டில் "மறந்தேன்" என்று நாலு இடத்தில் இருக்கிறது, கோணலான கையெழுத்தில், ஒரே பேனாவில். ஷமீம் அக்கா என் சாமான்களை அவர் கடைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார். நாகராஜிடமும் ஒப்புக்கொண்டேன். கேட்டுவிட்டு எந்திரத்தை நிறுத்தினார். "நானு எழுதுனா மெமோ. நீங்க எழுதுனா டாக்டரம்மா வெரி குட்டா மேடம்?" கேட்ட உரிமையில் அவரே ஒரு ரீடிங் ஷீட் தயாரித்து எந்திரத்தின் பக்கத்தில் மாட்டிவிட்டார். ஒன்பதரைக்கு நான் குத்திப் பார்த்த அளவு, பத்தரைக்குச் சுண்டல், கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி. ஊட்டா ஆய்த்தா என்பதை இனி நம்புவதற்கில்லை என்பது அவர் கட்சி. அதனால் தினமும் பத்தரைக்கு, "மேடம், நாம இப்ப எந்த ஊர்ல இருக்கறோம்?" என்று கேட்கிறார். ஓசூர் என்றால் டிக். விளாத்திகுளம் என்றால் குளுக்கோஸ்.

ஆக, பதினேழு வருடம் யாரிடமும் சொல்லாத ஒன்றை, எட்டாம் மாத வயிற்றோடு நான் தினமும் சொல்கிறேன். சொந்த ஊர்ப் பெயர் என் வாயில் இப்போது நோயின் அறிகுறி. நேற்று ஒன்பதரைக்கு 104, நானே குத்திப் பார்த்தது. சுண்டல் தின்றாயிற்று. கேஜின் எந்த முனை எதற்கென்று கைக்குத் தெரிந்தது. தலை துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. நாகராஜ் கேள்வியைக் கேட்டார். உள்ளேயிருந்து, இந்த ஊரிலேயே பிறந்து யார் கேட்டாலும் விளாத்திகுளம் என்று சொல்லப்போகிற ஒன்று, விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டது. நான் வாயைத் திறந்தேன். ஓசூர், விளாத்திகுளம் இரண்டும் நாக்கு நுனியில் வந்து நின்றன. நாகராஜ் என் முகத்தையே பார்த்தபடி, ஒரு கையில் பேனாவும் மறுகையில் பிரித்த குளுக்கோஸ் பாக்கெட்டுமாகக் காத்திருந்தார்.